நாலு மணிக்கு

பதினொன்றே காலுக்கு டோக்கன். இருநூற்றுப் பதினேழு.
ரிப்போர்ட் நாலு மணிக்கு மேல், கவுண்டர் ஒன்பது என்றாள்
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண்,
என் முகத்தைப் பார்க்காமல். நல்ல பெண்.

வீட்டில் சொல்லி வந்தது
பையனுக்கு பிசிக்ஸ் கைடு வாங்க என்று.
ஆரணியில் கிடைக்காதா என்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

வெளியே வேலூர் வெயில்
கடன் கொடுத்தவன் மாதிரி வாசலிலேயே நின்றது.
ஆட்டோக்காரர் வங்காளத்தில் கூப்பிட்டார்.
ஆரணிங்க என்றேன்.
அடச்சே என்று சிரித்துவிட்டு
அடுத்தவளை அதே வங்காளத்தில் கூப்பிட்டார்.

லாட்ஜ் சந்து திரும்பினால் நீளச் சுவர்.
யாரோ அகழியை வரைந்திருக்கிறார்கள்,
கல்யாண மண்டப நீளத்துக்குத் தண்ணீர்.
கரையில் நீலப்புடவைக்காரி,
இரண்டு ஆள் உயரம், குனிந்து கை கழுவுகிறாள்.
முகம் இருக்க வேண்டிய இடத்தில்
கண்ணீர் அஞ்சலி.
தோட்டப்பாளையம் வஜ்ஜிரவேலு.
தோற்றம் ஏதோ ஒரு தை. மறைவு போன செவ்வாய்.
மீசையோடு, கூலிங் கிளாஸோடு,
நீலப்புடவையில் அவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.
சிரித்துவிட்டேன்.
காலையிலிருந்து அதுதான் முதல்.
படத்துக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்த நிஜக் குழாயில்
ஒரு பையன் டிபன் பாக்ஸ் அலசினான்,
வரைந்த தண்ணீர் மேலெல்லாம் தண்ணீர் தெறிக்க.

பழைய புத்தகக் கடை ஜபீவுல்லா பாய்
கைடை உடனே எடுத்துவிட்டார். அறுபது ரூபாய்.
பொய் இவ்வளவு சீக்கிரமா நிஜமாகும்?
மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.
அந்தப் பக்கம் என்ன பாய்?
லாட்ஜ்காரங்க கொண்டாந்து போடறது.
பேஷண்டுங்க விட்டுட்டுப் போற புக்கு, எல்லாம் பெங்காலி.
நமக்குப் படிக்கத் தெரியாது,
ரெண்டே அடுக்குதான்.
முடிச்சது. முடிக்காதது.
எப்படித் தெரியும்?
நடுவுல எதையாவது சொருகியிருப்பாங்க.
எக்ஸ்ரே கவரின் கிழிசல், இட்லிக்கடை பில்,
காட்பாடி ஹவுரா டிக்கெட்,
ஒன்றில் குழந்தையின் தலை ரிப்பன்.
முடிக்காதது பத்து ரூபாய் கம்மி.
ஏன்?
மீதிய நீங்கதானே படிக்கணும்.

லாங் பஜாரில் பழைய புளி மண்டி ஒன்றைச் செப்பனிட்டு
கண்காட்சிக் கூடம் ஆக்கியிருந்தார்கள்.
டிக்கெட் இருபது. ஃபேன் உண்டு. ஃபேனுக்காகப் போனேன்.
பிரிசில்லா என்று சட்டையில் பெயர் குத்திய கல்லூரிப் பெண்
கூடவே வந்து விளக்கினாள்.
சுண்ணாம்பு, கடுக்காய், பனைவெல்லம்,
அந்தக் காலத்து அளவுப்படியே பூச்சு.
வெல்லம் ஒரு கை கூடிவிட்டது போல.
விரிசல் இல்லாத புதுச் சுவரில்
தரையிலிருந்து உத்தரம் வரை எறும்பு.
சுவரைத் தொடாதீர்கள் என்ற பலகை மேலும் எறும்பு.
மருந்து அடிக்கலாமான்னு
சென்னைக்கு எழுதியிருக்கோம் ஆன்ட்டி, பதில் வரல.
மூச்சை இழுத்தால் நாக்கு கூசியது.
எத்தனை பூசினாலும் புளி போகாது.
பெஞ்சில் உட்கார்ந்தேன்.
அவள் வேறு யாருக்கோ விளக்கப் போனாள்.

மூன்று ஐம்பது.
நாலு பத்து.
எழுந்திருக்கவில்லை.
பையில் கைடுக்கு அடியில்
முடிக்காத அடுக்கிலிருந்து ஒன்று, ரிப்பன் வைத்தது.
கொடியில் காயப்போட்ட துணிகளாக எழுத்துகள்,
எல்லாம் ஒரே கோட்டில் தொங்கின.
தொண்ணூற்றாறாம் பக்கத்துக்கு மேல்
அந்த அம்மாவோ அப்பாவோ போகவில்லை.
ஊருக்குப் போயிருக்கலாம்.
சரியாப் போச்சு, கிளம்புங்க என்றால்
அவசரமாய்ப் பெட்டி கட்டுவோம்,
புத்தகமா ஞாபகம் இருக்கும்?
ரிப்பனை அசைக்காமல்
ஒரு தாள் தள்ளி என் டோக்கனைச் சொருகினேன்.
கவுண்டரில் கேட்டால்
புத்தகத்தோடுதான் நீட்ட வேண்டும்.

திரும்பும்போது சந்தில்
வஜ்ஜிரவேலுவின் ஒரு மூலை காற்றில் பிரிந்து அடித்துக்கொண்டிருந்தது.
மன்னிச்சுக்குங்க என்று சொல்லி
நகத்தால் இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.
ஒரு காது வந்தது. சின்னக் கம்மல்.
அதற்கு மேல் வரவில்லை.

ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள்.
விரலிடுக்கில் பசையோடு
வேகமாக நடந்தேன்.