எண்ணும் காட்சி

கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டை
நாள் வாடகைக்கு எடுத்து
மலேசியச் சிறையாக்கிக்கொண்டிருந்தார்கள்.
சிறை என்று சொல்லக் கூடாதாம், தடுப்பு முகாம்.
உதவி இயக்குநர் பெண் திருத்தினாள்.
எனக்கும் தெரியும் அந்த வித்தியாசம்:
சிறையில் தேதி சொல்வார்கள்.

புள்ளிக்கு ஒன்றாகக் கட்டிய இரண்டாம் கட்டு அறைகள்
இப்போது பிளாக் ஏ, பிளாக் பி.
கம்பிகள், பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் குழாய்.
ஆத்தங்குடிக் கல்லின் பூக்கள் கேமராவில் விழுமென்று
சாம்பல் நிற ரெக்சின் விரித்து
ஓரம் முழுக்க டேப் ஒட்டினார்கள்.

நாளுக்கு எண்ணூறு ரூபாய், மதியம் பிரியாணி.
பள்ளத்தூரிலிருந்து நாங்கள் பதினாறு பேர்.
கல்லுப் பட்டறையின் பீகார்ப் பையன்கள்
வங்கதேசத்துக்காரர்களாக.
அவர்களுக்கு வசனம் இல்லை,
தமிழ் புரியாத முகமே போதும் என்றார் இயக்குநர்.

பேர் கேட்டார். அடைக்கலம் என்றேன்.
நிமிர்ந்து பார்த்தார்.
"கதையில் இதையே வச்சுக்கலாமா?"
"வேண்டாம் சார், வேணும்னே வச்ச மாதிரி இருக்கும்"
என்றாள் கதை எழுதுகிறவள்.
மார்பில் எழுபத்து மூன்று என்று ஒட்டினார்கள்.

எண்ணும் காட்சி.
எல்லாரையும் தரையில் உட்காரச் சொன்னதும்
பந்தியில் இலைக்குக் காத்திருப்பதுபோல்
சம்மணம் போட்டார்கள்.
நான் குந்தினேன்.
பாதம் முழுதும் தரையில், முட்டி அக்குளில்,
கைகள் பிடரியில்,
கண்
முன்னால் இருப்பவனின் முதுகுத் தையலில்.

"இதுதான்! எல்லாரும் இவரைப் பாருங்க!"
எங்கே கத்துக்கிட்டீங்க என்று கேட்டார்.
டீவியில் பார்த்தது சார், என்றேன்.

அப்புறம் அழச் சொன்னார்.
எண்ணும்போது யாரும் அழுவதில்லை சார்,
அது குழாயில் தண்ணீர் வரும் நேரம்,
காது அங்கேதான் இருக்கும்.
இதைச் சொல்லவில்லை.
கிளிசரின் நன்றாகவே எரிந்தது.

ஒன்பது மாதம் கழித்து, ஒரு வியாழன் இரவு,
நான்காம் பாகம்.
பஞ்சவர்ணம் தெருவையே கூப்பிட்டு வைத்திருந்தாள்.
கேமரா வரிசையாக முதுகுகளை நகர்ந்து கடந்து
என்னிடம் வந்து நின்றது.
பிள்ளைகள் கைதட்டின.
"அடைக்கலம் என்னமா உக்காந்திருக்கான் பாரு"
என்றார் மில்லுக்கார முத்துராக்கு.
பஞ்சு கைதட்டவில்லை.

நூற்றுப் பதினோரு நாள் நான் போன் பேசாத அந்த வருசம்
எஸ்டேட்டுக்குள் டவர் இல்லை என்று
இளையான்குடி ஜபருல்லா மூலம் சொல்லி அனுப்பியிருந்தேன்.
அவளும் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள்,
மலைக்காடாம், டவர் கெடையாதாம்.
கூடவே கொஞ்சம் சேர்த்து, யானை வருமாம்.
திரும்பி வந்தபோது முட்டிகளில் நீர் கோத்திருந்தது.
ரப்பர் மரத்துக்குக் குனிந்து குனிந்து, என்றேன்.
நொச்சி போட்டு ஒத்தடம் கொடுத்தாள், ஒரு மாதம்.

எல்லாரும் போன பிறகு
என் முகத்தைப் பார்க்கவில்லை, முட்டியைப் பார்த்தாள்.
"அத்தன நாளுமா?"

"காலைல ஒருக்க. ராத்திரி ஒருக்க."

விளம்பரம் வந்தது.
நகையை அடகு வைத்துவிட்டு
ஒரு குடும்பம் சிரித்தது.
பஞ்சு கொசுவத்தை இழுத்துச் செருகினாள்,
சிமென்ட் தரையில் குந்தினாள்,
பாதம் சரியாக, கைகள் பிடரியில் சரியாக.
ஒரே தடவை பார்த்ததுதான்.

"எம்புட்டு நேரம்?"

தொடர் மறுபடி ஓடியது.
கறுப்புக் கோட்டுப் போட்ட கதாநாயகி
முகாமின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
அப்படி யாரும் வந்ததில்லை.
அணைக்கலாமென்று எழுந்து
டீவிப் பக்கம் திரும்பினேன்.

பஞ்சு எழவில்லை.
அவளுக்கு முன்னால் இப்போது
என் முதுகு,
என் சட்டையின் தையல்.