தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ரசீது

கட்டபெட்டு தாண்டி, இறக்கத்தில் ஃபாக்டரி.
வாடல் தட்டுகளின் வாசனை படியேறி வந்து
கணக்கு அறையில் உட்கார்ந்திருக்கும்.
மூலையில் ஒரு 486.
மானிட்டர் மேல் பூத்துண்டு, துண்டின் மேல் வேளாங்கண்ணி மாதா.
பெட்டிக்குப் பின்னால் இரவெல்லாம் எரியும்
ஒரு நாற்பது வாட்ஸ் பல்பு,
பூஞ்சை அண்டாமலிருக்க.

என்னைக் கூப்பிட்டபோது ஜூலை.
"ஆன் பண்ணினா கறுப்பா நிக்குது சார்"
என்றாள் ஜெனிட்டா.
பழைய டாஸ் ஃப்ளாப்பிகளை எடுத்துத் தந்தாள்.
தகட்டை விலக்கிப் பார்த்தேன்.
மூன்றிலும் வெள்ளையாய்ப் பூத்திருந்தது
போன மழைக்காலம்.

என் பையில் ஃப்ரீடாஸ் இருந்தது.
ஒற்றை ஃப்ளாப்பியில் படுத்து எழுந்துவிடும் ஆள்.
ஜன்னல் வேண்டாம், மவுஸ் வேண்டாம்,
கடவுச்சொல் கேட்காது,
அப்டேட் என்று நடுராத்திரியில் எழுப்பாது.
சி, ஒரு முக்காற்புள்ளி, ஒரு சாய்கோடு, ஒரு அம்பு.
அவ்வளவுதான் அதன் பேச்சு.
மிச்சத்தை நீ சொல் என்று
சிமிட்டிக்கொண்டு நிற்கும்.

டிரைவ் இருமியது. பிறகு, பரவாயில்லை,
நீலத்தில் மஞ்சளாக இலைக்கணக்கு திறந்தது.
எட்டெழுத்துக்கு மேல் இடமில்லாத கோப்புகளில் ஊர்கள்:
கேர்பெட்டா கச்சிதமாக எட்டு.
கூக்கல்தொரைக்கு வால் இல்லை.

தேதி கேட்டது.
உள் பேட்டரி செத்துப் பல காலம்.
அதற்குத் தினமும் விடிவது
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது,
ஜனவரி ஒன்று, செவ்வாய்க்கிழமை.
இன்றைய தேதியை அடிக்கப் போனேன்.
கீபோர்டைப் பறித்துக்கொண்டாள்.

"இருபத்தாறுன்னு போட்டா
எல்லாருக்கும் பாக்கி மைனஸ் ஆயிரும் சார்.
தொண்ணூத்தெட்டு போடணும்.
அந்த வருஷமும் இதே கிழமைதான்."

இதே கிழமைதான்.
யாரோ உட்கார்ந்து கண்டுபிடித்து
காலண்டர் அட்டையின் பின்புறம் எழிதி ஒட்டாமல், எழுதி ஒட்டி,
இருபத்தெட்டைக் கழி என்று அடிக்கோடிட்டு,
வேலையை விட்டுப் போயிருக்கிறார்.

ஜெனிட்டா பிறந்தது தொண்ணூற்றொன்பதில்.
இன்னும் பிறக்காத பெண்
காலை ஏழரைக்கு வந்து
ஸ்கார்ஃபை அவிழ்த்து உதறிவிட்டு
என்டரைத் தட்டுகிறாள்.
"அடுத்த வருஷம் பொறந்துருவேன் சார்."

இந்தப் பெட்டி எந்த நாளும் போகும்.
முழு டிஸ்க்கையும் நகலெடுத்து
லேப்டாப்பில் ஒரு எமுலேட்டருக்குள் இறக்கினேன்.
அது ஒரு நடிகன்.
இல்லாத 486-ஆகவும் இல்லாத டிரைவாகவும்
தானே வேஷம் கட்டும்.
முதல் ஓட்டத்தில், மெனு கண்ணில் படுமுன் பறந்தது.
கல்லட்டி இறக்கத்துப் போர்டு சொல்கிறபடி
கியரைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன்,
பழைய நடைக்கு வந்தது.
பூஞ்சையில்லை, பல்பு வேண்டாம்.
ஒரே குறை, அதற்கு இன்றைய தேதி தெரிந்திருந்தது.
பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தேன்.

போஜா கவுடர் வந்தார், தோளில் மழையோடு.
மூன்று மூட்டை, நாற்பத்தொரு கிலோ,
ஈரத்துக்கு நாலு கழிவு.
பிரிண்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அச்சடித்தது.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
ரசீதை வெளிச்சத்தில் பிடித்தார்.

"தொண்ணூத்தெட்டுன்னு இருக்கே அம்மா."
"மெஷின் அப்படித்தான் ஐயா."
"சரி.
அப்ப தொண்ணூத்தெட்டு விலையையே போட்டுக் குடு."

விலைக்கென்று நிரலில் ஒரு கட்டம் உண்டு.
எட்டு இலக்கம் தாங்கும்.
நான் கர்சரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கவுடர் ஜெனிட்டாவின் பேனாவை வாங்கி
98-ஐ அடித்து
26 என்று எழுதினார், இரண்டு தடவை அழுத்தி.
நாலாய் மடித்து ரெயின்கோட்டுக்குள் வைத்தார்.
தராசில் அடுத்த மூட்டை ஏறியது.