வசூலாகாத வரி

நோட்டீஸை நீட்டியதும் கௌஸ் பாஷா கேட்டார்:
"ரோட்டுக்குப் பேரே வால்டாக்ஸ்.
அது பத்தாதுன்னு நீங்க வேறயா சார்?"
அவருடைய பார்சல் கிடங்குக்கு மூன்று அரையாண்டு பாக்கி.
சிரித்துத் தொலைத்தேன்.
வரி கேட்கிறவன் சிரிக்கக் கூடாது, உடனே டீ வந்துவிடும்.

டீ ஆறுவதற்குள் தெரிந்ததைச் சொன்னேன்.

முதலில் கோட்டை என்பது வெறும் மணல், பாய்.
துறைமுகம் கிடையாது. கப்பல் எட்டத்தில் நின்று ஆடும்.
ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த படகு போகும்,
அலையை எண்ணி, விட்டு, எண்ணி,
ஒரு இடைவெளியில் நுழைந்து திரும்பும்.
அப்படித்தான் பீரங்கி கரையேறியது.
படகுக்காரன் ஒரு மூச்சு பிந்தியிருந்தால்
அந்தக் குழலுக்குள் இன்றைக்கு நண்டு குடும்பம் நடத்தும்.
அவன் பேர் எந்த ஏட்டிலும் இல்லை.
நானாக ஒன்று வைத்திருக்கிறேன்: எட்டியப்பன்.
கூலி வாங்கினானா என்பதும் தெரியாது.

பிறகு பிரெஞ்சுக்காரன் வந்தான்.
இங்கிலீஷ்காரன் கோட்டை விட்டான்,
நிஜமாகவே, விட்டான்.
மூன்று வருஷம் கழித்து எங்கேயோ ஒரு காகிதத்தில்
கையெழுத்தாகித் திரும்பக் கிடைத்தது.
கிடைத்ததும் மதில்மேல் ஏறி வடக்கே பார்த்திருப்பான்.
கடலைவிட அவனை உறுத்தியது
கோட்டையை ஒட்டி நெருக்கியடித்துக் கிடந்த
கறுப்பர் பட்டணம்.
தறி, சாயத்தொட்டி, மோர்ப்பந்தல்,
துபாஷிகளின் இரண்டடுக்கு வீடுகள்.
எதிரி ஒளிய இத்தனை சுவரா?

பீரங்கிக்குப் பார்வை வேண்டும் என்றார்கள்.
இடித்தார்கள்.
குண்டு போகும் தூரத்தை அளந்து
இதற்கு இந்தப் பக்கம் யாரும் வீடு கட்டாதே என்று
கல் நட்டார்கள். பாரிமுனையில் ஒன்று மட்டும்
இன்னும் நிற்கிறது, யாரையும் தடுக்காமல்.
பெருமாளுக்கும் சிவனுக்கும்கூட
பூக்கடைப் பக்கம் மாற்று இடம்.
வெட்டவெளியான அந்த மண்ணில் இன்றைக்கு ஹைகோர்ட்.
வீட்டு வழக்குக்கு நாம் போய் நிற்கிறோமே, அங்கேதான்.

"சுவர் எங்கே வருது சார்?" அவருக்கு அவசரம், லோடு இறங்குகிறது.

மைசூர்க் குதிரைகள் வந்து போன பயத்தில் வந்தது.
முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை எல்லாம் உள்ளே வைத்து
செங்கல்லால் வளைத்துவிட்டுச் சொன்னார்கள்:
காவல் உங்களுக்கு, செலவும் உங்களுக்கு.
அதுதான் சுவர் வரி. போட்டார்கள். வசூலாகவில்லை.
ஏட்டில் வேறு காரணம் இருக்கும்.
எனக்குத் தோன்றுவது இதுதான்:
பேரேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஒருவன் கதவு கதவாகத் தட்டியிருப்பான்,
உள்ளேயிருந்து ஒரு குரல் வந்திருக்கும்,
"அவர் ஊர்ல இல்லீங்க."
நேற்று சூரியகாந்தம்மாள் காம்பவுண்டில்
நான் கேட்ட அதே குரல்.

மதியம் மாடிப் பூங்காவில் சாப்பிட்டேன்.
அந்தச் சுவரில் மிஞ்சிய துண்டு அது,
பழைய வண்ணாரப்பேட்டையில், மேலே புல்லும் பெஞ்சும்.
எதிரி வரவேண்டிய திசையில்
ஒரு பையன் டியூஷன் நோட்டால் முகத்தை மூடித் தூங்கினான்.
கடல் தெரியவில்லை.
எலுமிச்சை சாதத்தில் உப்பு கம்மி.

மாலை ரிஜிஸ்டரைப் புரட்டினேன்.
பெட்டிக்கடைக்கு எண் உண்டு.
சுவரில் சாய்த்த தகரக் கொட்டகைக்கும் உண்டு.
கோட்டைக்குப் போடமுடியாது,
அரசாங்கச் சொத்து, விலக்கு.
இதை பாஷாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.
டீ கிளாஸை வாங்கிக்கொண்டே கேட்டார்:
"அத்தனை பேர் வீட்டை இடிச்சதுக்கு விலக்கு,
அட்டைப்பெட்டி அடுக்கறதுக்கு வட்டியா?"

பதினைந்து நாள் டைம் கொடுத்திருக்கிறேன்.
காரணம் என்ற கட்டத்தில்
எழுத ஒன்றும் தோன்றாமல்
'ஆள் ஊரில் இல்லை' என்று எழுதினேன்.