கேட்டாரு

ஒத்தக்கடைக்கு முன்னால், யானைமலை தெரியும் ஜன்னலோரம்
என் மேசை. பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று
கீழ்க்கோர்ட்டுத் தமிழை
மேல்கோர்ட்டு இங்கிலீஷாக்கிக் கொடுப்பவள்.
இன்றைக்குப் பதினேழு பக்கம்.
பதினாறு முடிந்துவிட்டது.

அரசுத் தரப்புச் சாட்சி இரண்டு, ஒச்சம்மாள்,
கருமாத்தூர்ப் பக்கம், வயது நாற்பத்தொன்று.
ஒன்றரை ஏக்கர், உட்பிரிவு, பட்டா மாறுதல்.
சர்வேயரிடம் நாலு தடவை போயிருக்கிறாள்.
நாலாவது தடவை,
"ரெண்டாயிரம் கேட்டாரு."

அவ்வளவுதான் வாக்கியம்.
மூன்று மணியிலிருந்து அதில்தான் நிற்கிறேன்.

ஆஸ்க்ட் என்று போட்டால்
பஸ்ஸில் பக்கத்து ஆளிடம் மணி கேட்கிற மாதிரி,
சாம்பார் இன்னொரு கரண்டி கேட்கிற மாதிரி.
ரிக்வெஸ்டட் என்றால் சர்வேயர் கைகட்டி நிற்கிறார்.
பெக்டு என்றால் சித்திரை வீதியில்
துண்டு விரித்து உட்கார்ந்தே விடுகிறார்.
டிமாண்டட் என்றால்
மேசையில் ஒரு கை மடாரென்று இறங்குகிறது.
அந்தச் சொல் இருந்தால் ஜெயில்.
இல்லாவிட்டால் பாக்கிச் சம்பளத்தோடு வீடு.

ஒச்சம்மாளின் சொல்லில் துண்டும் இல்லை, மேசையும் இல்லை.
எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டிருக்கிறார்,
பாருங்கள், இவரும் கேட்டிருக்கிறார்:
எப்படிக் கேட்டார்?
"மொகத்தப் பாக்காம கேட்டாரு.
மேப்பச் சுருட்டிக்கிட்டே கேட்டாரு.
பாத்துச் செய்யுங்கன்னாரு."

பாத்துச் செய்யுங்க.
ஸீ, லுக், வாட்ச் மூன்றும் வந்து வரிசையில் நின்றன.
ஸீ, கண் திறந்திருந்தாலே நடந்துவிடும்.
லுக்குக்குக் கழுத்து திரும்ப வேண்டும்.
வாட்ச், மீன்கடை வாசல் பூனை.
மூன்றையும் திருப்பி அனுப்பினேன்.
எதையும் பார்க்கச் சொல்லாமல், எதையும் செய்யச் சொல்லாமல்
ரெண்டாயிரம் வாங்குகிற வினைச்சொல்
லண்டனில் இருக்கலாம். என் அகராதியில் இல்லை.

நோட்டில் தடவிய பொடிக்கு ஒரு குணம்.
தொட்ட விரலைச் சோடாக் கரைசலில் நனைத்தால்
தண்ணீர் ரோஸாகும். பக்கம் ஒன்பது.
வலது கை ரோஸ். இடது கை ரோஸ். சட்டைப்பையும்.
வாங்கியதற்குத் தண்ணீரே சாட்சி.
கேட்டதற்கு ஒச்சம்மாள் மட்டும்தான்.
சொல்லை நனைத்துப் பார்க்கக்
கரைசல் கிடையாது.

ஐந்தரைக்குப் பழங்காநத்தத்திலிருந்து இவர்.
"தம்பிகிட்ட கேட்டியா?"
"இன்னும் கேக்கல."
"நான் சொன்னா எங்க கேக்குற."
பள்ளிக்கூட ஃபீஸ், திங்கட்கிழமைக்குள்.
எப்படிக் கேட்பேன் என்று நினைத்துப் பார்த்தேன்.
முகத்தைப் பார்க்காமல்.
கையில் எதையாவது சுருட்டிக்கொண்டே.

அதற்கப்புறம்தான் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன்.
நீதிபதியே ஒரு கேள்வி போட்டிருக்கிறார்.
இல்லை என்று நீ சொல்லியிருக்கலாமே அம்மா?
"சொல்லிருக்கலாம்யா.
அஞ்சாந் தடவை போயிருப்பேன்."

இல்லை என்ற சொல்லுக்கு
உட்கார ஓர் இடம் இருந்தால் ஒரு வினை,
இல்லாவிட்டால் வேறு வினை.
கருமாத்தூர்க்காரி ஒரே வரியில் பிரித்துக்
கல் நட்டுவிட்டாள், சர்வேயர் இல்லாமலே.

ஆனாலும் அவள் வைக்காத மேசையை நான் வைக்கக்கூடாது.
ஆஸ்க்ட் என்றே அடித்தேன்.
மேப்பைச் சுருட்டியதை அடித்தேன்.
அஞ்சாந் தடவையை
ஒரு சொல் சிந்தாமல் அடித்தேன்.
மூன்றையும் சேர்த்துப் படிப்பது அவர்கள் பாடு.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்
தம்பிக்குப் போட்டேன். யானைமலை கறுத்துக்கொண்டிருந்தது.
அவன் வண்டியில் போய்க்கொண்டிருந்தான்; ஒரே காற்று.
"அக்கா, கேக்குதா? நான் பேசுறது கேக்குதா?"

கேக்குது, கேக்குது என்றேன்.
கேட்கவில்லை.