சொட்டாத மூக்கு

வியன்னா, ஏழாம் வட்டாரம், மூன்றாம் மாடி.
வாடகை காலாண்டுக்கு முன்னூறு குரோனன்.
பேரேட்டில் நான் எழுதிய முதல் வரி அது.
என் பெயர் ஒட்டிலீ பிராஷாக். கணக்கெழுதுகிறவள்.
அழகைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை.

சுவரில் கொள்கையைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்:
வரைந்தவன் முத்திரையும் அடித்தவன் முத்திரையும்
ஒரே அளவில், அருகருகே.
ஒவ்வொரு கரண்டிக்கும் இரண்டு தகப்பன்மார் என்று
வென்சல் கண்ணடிப்பான்.
பார்க்க வந்த பத்திரிகைக்காரர்
தொப்பியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.
சம்பளப் பேரேட்டில் மட்டும்
அந்த இரண்டு பெயர்களும்
வேறு வேறு பக்கத்தில் இருந்தன.

தோல்னாய் கட்டம் போட்ட தாளில்தான் வரைவார்.
நாற்காலி, விளக்கு, மிளகுப் புட்டி, சவப்பெட்டிக் கைப்பிடி,
எல்லாம் சதுரம், சதுரத்துக்குள் சதுரம்.
வளைவு என்பது மனம் தளர்ந்த நேர்கோடு என்பார்.
அவர் வீட்டு அம்மாள் தும்முவதும் சதுரமாகத்தான் என்று
மணி கோக்கும் பெண்கள்
வாயில் ஊசியோடு சிரிப்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு, பிப்ரவரி.
எண் நானூற்றுப் பன்னிரண்டு: காப்பிக் குடுவை,
வெள்ளி, கருங்காலிப் பிடி,
கத்தியால் நறுக்கியது போன்ற மூக்கு.
சர்க்கரை ஆலை ஹெல்ம்ரைக் குடும்பம் வாங்கியது.
மூன்றே வாரத்தில் திரும்பி வந்தது.
மேசைவிரிப்பில் கறையாம்.
அம்மையார் ஊதா மையில் எழுதியிருந்தார்.
தோல்னாய் சொல்லச் சொல்லப் பதில் எழுதினேன்:
விரிப்பை மாற்றிப் பாருங்கள்.
இரண்டாம் முறையும் வந்தது.
மூன்றாம் முறை
விரிப்போடு சேர்ந்து வந்தது.

வென்சல் ஹர்தினா அதை ஜன்னலோரம் கொண்டுபோனான்.
மொராவியாக்காரன். இடது காது மந்தம்,
சுத்தியல் தின்ற காது.
சுத்தியலை எடுக்கவில்லை, சாணையையும் தொடவில்லை.
கட்டைவிரலால்
மூக்கின் உதட்டை அரை மில்லிமீட்டர்
கீழே இழுத்தான்,
தூங்கும் பிள்ளையின் வாயோரம் துடைப்பது போல.
தண்ணீர் ஊற்றிப் பார்த்தான்.
நிமிர்த்தியதும்
கடைசித் துளி யோசித்தது,
பிறகு உள்ளே திரும்பிப் போனது.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் பேரேட்டைப் பார்த்தேன்.
பழுது ஏதுமில்லை, கூலி ஏதுமில்லை
என்று எழுதினேன்.
நான் எழுதிய ஒரே பொய்க்கணக்கு.

அதன்பின் விற்ற பதினேழு குடுவைகளும்
அந்த அரை மில்லிமீட்டரோடுதான் போயின.
ஊரார் விரிப்பை மாற்றிவிட்டார்கள் என்று
தோல்னாய் நினைத்துக்கொண்டார்.

போர் வந்தது. வெள்ளி போனது, பித்தளை போனது,
வென்சல் கலீசியாவுக்குப் போனான்.
மணி கோத்த பெண்கள் அட்டையில் பெட்டி செய்தார்கள்.
சதுரங்களின்மேல் கிளி வரைந்தார்கள்,
பூசணி வரைந்தார்கள், தடுக்க ஆளில்லை.
சொல்லக் கூச்சம்தான்,
லாபம் வந்த ஒரே ஆண்டு அது.

பிறகு பணமே காகிதமானது.
திங்களன்று ஒரு குடுவை விற்ற காசுக்கு
வெள்ளியன்று அரை ரொட்டி.
கடன்காரர்கள் தராசோடு வந்தார்கள்.
ஏலத்தில் எதையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை,
எடை சொல்லிக் கூப்பிட்டார்கள்.
வென்சல் திரும்பி வந்து
மிதிவண்டிக் கடை வைத்திருந்தான்.
ஏலத்துக்கு வந்தானா என்று கேட்காதீர்கள்.
அன்று கடையில் பஞ்சர் அதிகம்.

இப்போது ஒன்று
கண்ணாடிப் பேழைக்குள் நிற்கிறது,
அசல் வரைபடம் பக்கத்திலேயே.
வழிகாட்டிப் பெண் குச்சியால் காட்டிச் சொல்கிறாள்:
படத்திலிருந்து ஒரு மயிரிழை பிசகவில்லை பாருங்கள்.
எல்லோரும் பார்த்தார்கள்.
நானும் குனிந்தேன், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு.
படத்தில் நேர்கோடு.
வெள்ளியில், அதோ, ஒரு சின்னத் தளர்ச்சி.
காப்பி ஊற்றினால் தெரிந்துவிடும்.
இனி யார் ஊற்றப்போகிறார்கள்.

அம்மா, என்றான் காவலாளி,
விரலை எடுங்கள்,
கண்ணாடியில் கறை படிகிறது.