பதினான்காம் இலக்கம்

விடியப்புறம் ஐந்தரைக்கு,
யாத்திரை பஸ்கள் கோட்டை வாசலை அடைக்குமுன்
நானும் றிஸ்மியாவும் குனிந்தபடி நடப்போம்.
காசு தொலைத்தவர்கள் என்று நினைத்து
காவலாளி ஒருநாள் டோர்ச் அடித்துத் தேடித் தந்தார்.
மான்புழுக்கை, அண்ணை, என்றேன்.
பிறகு அவர் உதவவில்லை.

சூடு ஆறாததுதான் வேணும்.
வெளிப்பளபளப்பில் ஒட்டிக்கிடக்கும்
குடல் வழியனுப்பிவிட்ட கொஞ்ச உயிரணு.
பஞ்சால் ஒற்றி, குழாயில் இட்டு,
திகதி, நேரம், எந்த ஆலமரம்.
வெயில் ஏறிவிட்டால்
புழுக்கைக்குள்ளும் எழுத்து அழிந்துபோகும்.

உவர்மலையில் எங்கள் ஆய்வுகூடம்
ஒரு பல் வைத்தியர் விட்டுப்போன வீடு.
அவருடைய சாய்கதிரை இன்னும் இருக்கிறது,
அதில் இருந்துதான் மத்தியானம் சோறு.
சுவரில் விலைப்பட்டியல்:
இனம் காண இவ்வளவு, ஆணா பெண்ணா இவ்வளவு,
உறவுமுறை என்றால் கூட.
சேருவிலையிலிருந்து யானை இலத்தி வரும்.
கொட்டியாரக் குடாவிலிருந்து
போத்தலில் கடல் வரும்,
வடித்துப் பார்த்து
யார் யார் நீந்திப் போனார்கள் என்று சொல்ல வேணும்.
நிலாவெளிப் பொடியள் கட்டிகட்டியாகக் கொண்டுவருவார்கள்,
திமிங்கிலத்தின் அம்பர், அக்கா, கோடிக்குப் போகும்.
இதுவரை எல்லாம் மெழுகு.

மூதூரிலிருந்து ஒருத்தி வந்தாள்.
பட்டியலை மேலிருந்து கீழே இரண்டுதரம் வாசித்தாள்.
மனிசருக்கு?
இல்லை அக்கா, மிருகங்களுக்கு மட்டும்.
கைப்பையைத் திறந்தாள். மூடினாள்.
அதற்கிடையில் ஒரு சீப்பின் பல் தெரிந்தது.
தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள்.
பதிவேட்டில் அந்த நேரத்துக்கு நேரே
றிஸ்மியா ஒரு கோடு இழுத்தாள்,
எதையும் எழுதாமல்.

மான்களுக்கு வருவோம்.
அறுபத்திரண்டு குழாய், நாற்பத்தொரு மான்.
கண்ணால் எண்ணியவர்கள் நூறு என்றிருந்தார்கள்.
கோயில் வாசலில் ஒருக்கால், கடல் பக்கம் ஒருக்கால்,
ஒரே ஆளைத்தான் திரும்பத் திரும்ப.
எல்லாருக்கும் எல்லாரும் சொந்தம் அங்கே,
மதிலுக்குள் முடிந்த கலியாணங்கள்.
பதினான்கு, காது கிழிந்தவள்.
கச்சானைச் சரையோடு தின்பாள்.
போனைத் தூக்கினால் பின்பக்கத்தைக் காட்டுவாள்.

புரட்டாதிக் கடைசியில்
கான்ஸ்டபிள் வீரக்கோன் ஒரு சொப்பின் பையோடு வந்தார்.
அரக்கு முத்திரை. உள்ளே அரைக்கிலோ.
மஞ்சளும் உப்பும் ஏற்கெனவே பிரட்டியிருந்தது.
ஆட்டிறைச்சி என்கிறானாம் பிடிபட்டவன்.
அன்றைக்கென்று கரண்ட் இரண்டுதரம் போனது.
ஜெனரேற்றர் கயிற்றை நான் இழுக்க,
குளிர்பெட்டிக் கதவில் முதுகைக் கொடுத்து
அவள் நின்றாள், உள்ளே இருப்பவர்கள்
வெளியே வரப்போவதுபோல.
மூன்றாம் நாள் வரைபடம்.
ஆடு இல்லை.
பார்த்த பன்னிரண்டு இடத்தில்
பன்னிரண்டும் பதினான்கு.

றிப்போட்டில் காதுக்கு இடமில்லை.
கச்சானுக்கும்.
“இரு மாதிரிகளும் ஒரே தனியனுடையவை என்பதற்கு
முரணாக எதுவும் காணப்படவில்லை.”
சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று.
கையெழுத்து, றப்பர் முத்திரை.
வீரக்கோன் போகாமல் நின்றார்:
மான் எண்டு சொல்லலாம், மிஸ்,
எந்த மான் எண்டு எப்பிடி?
முன்னமே எழுதி வைத்திருந்தோம், என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்டது.
றிஸ்மியா பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசித் தூறலிலும் போனோம்.
பீரங்கி மேட்டுக்குக் கீழே
மிளகளவுப் புழுக்கை, லேசாக ஆவி.
குட்டி. புது ஆள். நாற்பத்திரண்டு.
வெள்ளிக்கிழமை வரைபடத்தில்
ஒவ்வொரு சோடிக் கூரிலும் ஒன்று
எனக்குப் பழக்கமான இடத்தில் நின்றது.
பாதி, பதினான்கு.

மற்றப் பாதி யாரென்று இன்னும் பார்க்கவில்லை.
சோறு ஆறுகிறது.
சாய்கதிரையில் ஒதுங்கியிருந்து
றிஸ்மியா எனக்கு இடம் விட்டிருக்கிறாள்.