ஓவர்

மாலை ஆறே கால்.
உச்சிப்புளி மின்வாரியக் குடியிருப்பின்
மொட்டைமாடிக் கம்பி வழியே
முதலில் வந்து சேர்வது இரைச்சல்.
அதன் பின்னால்,
சட்டைப் பொத்தானைப் போட்டபடியே வருகிறவர் மாதிரி,
கீழக்கரை ஹபீப் அலியார்.

"எல்லாருக்கும் வணக்கம், சலாம், ஸ்தோத்திரம்.
இங்கே நல்ல காத்து. அங்கே? ஓவர்."

அங்கேயும் காற்றுதான்.
ஆடி மாதம் இந்தக் கரையில்
வேறென்ன இருந்துவிடப் போகிறது.
ஆனாலும் ஒவ்வொருவராகச் சொல்கிறோம்,
அவரவர் வீட்டுக் காற்று
தனிக் காற்று என்பதுபோல.

தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனி ரெக்சன்
ஆன்டெனா முறிந்த கதையை
மூன்றாவது தடவையாகத் தொடங்குகிறார்.
முதல் தடவை அது காக்கையால் முறிந்தது.
அடுத்த தடவை காற்றால்.
இன்றைக்குத்தான் உண்மை கரை ஏறுகிறது:
மாமியார் அதில் திருக்கையைக் கீறிக்
காயப்போட்டிருக்கிறார்.
"எத்தனை கிலோ? ஓவர்."
"நாலு. ஓவர்."
"பச்சையிலயா, காஞ்சதுக்கு அப்புறமா? ஓவர்."
பதில் இல்லை.
திருக்கை தொங்கிய நாட்களில்
அவர் குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது.
அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

தொண்டி மைமூன் நாச்சியார், இயற்பியல் டீச்சர்.
பற்றவைக்கும் சாலிடரிங் கோலைப் பேனா என்று எடுத்து
வருகைப் பதிவேட்டில் வைத்துவிட்டார்.
"ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு,
பதினேழாம் நம்பர் பையன் இருந்த இடத்துல ஓட்டை.
இனிமே அவன் வந்தாலும் வராதவன்தான். ஓவர்."

மூக்கையூர் சந்தியாகு வீட்டில்
ஆடு கேபிளை மென்றது.
தோலை மட்டும் தின்றுவிட்டுச்
செம்பை மரியாதையாகத் துப்பிவிட்டது.
"ஆட்டுக்கு ஒண்ணுமில்ல.
எனக்குத்தான் எண்ணூறு ரூவா. ஓவர்."

என் பங்குக்கு
நான் போலீஸ் வந்ததைச் சொன்னேன்.
கடலோரக் காவல், இரண்டு பேர்,
இலங்கைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைப் பார்த்து
மாடியேறி வந்தார்கள்.
லைசென்ஸைக் காட்டினேன்.
"அந்தப் பக்கம் பேசலாமா இதுல?"
"பேசலாம் சார்."
"என்ன பேசுவீங்க?"
"அங்க காத்தான்னு கேப்பேன்."
ஒருவர் எழுதிக்கொண்டார்.
இன்னொருவருக்குச் சாயல்குடி சொந்த ஊர்.
டீயை வைத்துவிட்டு மைக்கை வாங்கி
சந்தியாகுவிடம் மழை கேட்டார்.
ஓவர் சொல்லத் தெரியவில்லை அவருக்கு.
அந்த முனையில் சந்தியாகு
அவர் இன்னும் ஏதோ சொல்வார் என்று
மழையைக் கையில் வைத்துக்கொண்டு
காத்திருந்தார்.

மூன்று வருடத்தில் ஒரே ஒரு தடவை
நேரில் பார்த்துக்கொண்டோம்.
ராமநாதபுரம், அரண்மனைப் பக்கம்,
ஒரு பரோட்டாக் கடை.
ஹபீப் தன் குரலைவிடக் குள்ளமாக இருந்தார்.
ரெக்சன் இரண்டு நாற்காலிக்கு ஒரு ஆள்,
குரல் மட்டும் கீச்சு.
எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம்.
எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம்.
அடுத்தது யார் என்று தெரியவில்லை.
மைமூன் டீச்சர் மின்விசிறியைப் பார்த்தார்.
சந்தியாகு மெனு அட்டையைத்
திருப்பித் திருப்பிப் படித்தார்,
அதில் மொத்தம் ஆறு அயிட்டம்.
"வெயில்தான்" என்றேன்.
"ஆமா" என்றார்கள்.
பில் வந்தபோதுதான்
ஐந்து கைகளும் ஒன்றாக நீண்டன.
இரண்டரை மணிக்குப்
பேருந்து நிலையத்தில் பிரிந்தோம்,
ஏதோ துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போல.

ஆறே கால்.
இரைச்சல்.
"எல்லாரும் வீடு சேந்தாச்சா? ஓவர்."
சேர்ந்தாச்சு, சேர்ந்தாச்சு,
பஸ் பெருங்குளத்தில் பஞ்சர், ஆனாலும் சேர்ந்தாச்சு.
பிறகு தொண்டியிலிருந்து,
கொஞ்சம் தயங்கி:
"ஹபீப் அண்ணே,
உங்க சட்டையில, இடது பக்கம்,
கை கழுவுற வரைக்கும் சால்னா இருந்துச்சு.
நேர்ல சொல்லக் கூச்சமா இருந்துச்சு. ஓவர்."

ஒரு கிளிக்.
கீழக்கரையில் பொத்தானை அழுத்திவிட்டு
யாரோ பேசாமல் இருக்கிறார்.
பின்னால், சமையற்கட்டுப் பக்கமிருந்து,
அவர் மனைவி சிரிப்பது மட்டும்
இரைச்சலே இல்லாமல்
ஐந்துக்கு ஐந்தாகக் கேட்கிறது.